இடது கரை தாழ்ந்த மவுத்பீஸ்

என் தங்கை வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

பிளந்த உதடும் பிளந்த அண்ணமுமாகப் பிறந்தவள். நாற்பது நாள் தாண்டாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள், தாண்டினாள். ஆறு வயதுக்குள் மூன்று அறுவைச் சிகிச்சைகளில் உயிர் பிழைத்தாள். ஒன்பது வயதில் ‘ப’ வந்தது. பதினோராம் வயதில் ‘ட’ வந்தது. ‘ச’ இன்றுவரை வரவில்லை, ஆனால் அவள் அதை விட்டுவிடவும் இல்லை. பத்தொன்பது வயதில் வாத்தியக் கருவிகள் பழுது பார்க்கும் கடைக்குள் துடைப்பத்தோடு போனாள். இருபத்து மூன்று வயதில் அங்கே ஜன்னலோர மேசையை வென்றாள். அந்த மேசையில் பதினாறு வருடம் உட்கார்ந்தாள். பரிசு, பதக்கம் எதுவும் கிடையாது. கிடைத்திருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

நான் அவளுக்கு ஆறு வயது மூத்தவள். எட்டாவது வரை படித்தேன், பள்ளிச் சீருடைகளுக்குத் துணி வெட்டுவது என் வேலை. அளந்து வெட்டியே பழகியதால், இதிலும் நான் கண்ணால் பார்த்ததையும் பிறர் சொன்னதையும் கலக்காமல் எழுதுகிறேன். கடையில் நடந்தவற்றைத் தங்கையிடமும், அங்கே எந்திரத்தில் கடையும் கடைசல்காரரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணம் பிளந்த பிள்ளைக்கு வாயில் காற்று நிற்காது, மூக்கு வழியாகப் போய்விடும். மேசை விளிம்பில் ஒரு தாள் துண்டை வைத்து ஊதித் தள்ளப் பழக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். நான் அவள் மூக்கைப் பிடித்துக்கொள்வேன், அவள் ஊதுவாள். கையை எடுத்தால் தாள் அசையாது. கையை எடுத்தும் தாள் விழுந்த நாள் வருவதற்கு ஏழு மாதம் ஆனது. எங்கள் தெருப் பிள்ளைகள் அவளுக்கு ‘பம்ப்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பேசும்போது சைக்கிள் பம்ப் மாதிரி மூக்கில் காற்று சீறும் என்பதால். “பம்ப்பு, என் வண்டிக்குக் காத்தடிச்சுவிடு” என்பார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். நான் திரும்பிப் பார்ப்பேன், இரண்டு பேரை அடித்தும் இருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஊதுகிற கருவிகள் இருக்கும் கடைக்கு வேலைக்குப் போகிறாள் என்றதும் எங்கள் மாமா சிரித்தார். “காத்தே நிக்காத டயரு, பஞ்சர் கடையில வேலை கேக்குதா?” அம்மா அவருக்கு அன்று சாப்பாடு போடவில்லை.

கிளாரினெட்டின் தலைப்பகுதியில் வாயில் வைத்து ஊதும் கருப்புத் துண்டுதான் மவுத்பீஸ். கெட்டி ரப்பரைக் கடைந்து செய்வார்கள். அதன் அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு திறப்பு. திறப்பின் இரண்டு பக்கமும் நூல் தடிமனில் இரண்டு கரைகள். அந்தக் கரைகளின்மேல் ரீடு என்ற மெல்லிய நாணல் தகட்டை வைத்துக் கட்டுவார்கள். கரைகள் நுனியை நோக்கிப் போகப் போக ரீடைவிட்டு மெல்ல விலகி வளையும். அந்த விலகலில்தான் ஒலி பிறக்கிறது. எவ்வளவு விலகல், எங்கிருந்து தொடங்குகிறது, இரண்டு கரையும் ஒன்றுபோல வளைகிறதா, இதுதான் என் தங்கையின் வேலை. கோடு போட்ட ஒரு கண்ணாடிப் பலகையில் மவுத்பீஸைக் கவிழ்த்து வைத்து, தலைமுடியைவிட மெல்லிய எஃகுத் தகட்டை இடுக்கில் நுழைப்பாள். இடது கரையில் தகடு எந்தக் கோட்டில் நிற்கிறதோ, வலது கரையிலும் அதே கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உப்புத்தாளில் தேய்ப்பாள். இரண்டு இழுப்பு, ஓர் அளவு. மறுபடி இரண்டு இழுப்பு, ஓர் அளவு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தலைமுடியில் கந்தக வாடை அடிக்கும். துப்பினால் கருப்பாக வரும்.

வாங்க வருகிறவர்கள் மவுத்பீஸை எப்படிச் சோதிப்பார்கள் என்பதை அவள் வீட்டில் நடித்துக் காட்டுவாள். எங்கள் வீட்டில் சிரிப்பு கேட்ட நேரங்களில் அது ஒன்று. ஒருவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நுனி விளிம்பைப் பெண் பார்ப்பதுபோலப் பார்ப்பாராம். ஒருவர் முகர்ந்து பார்ப்பார். இன்னொருவர் பல்லில் தட்டிக் கேட்பார். முக்கால்வாசிப் பேர் செய்வது உறிஞ்சல் சோதனை. ரீடைக் கட்டி, அடித்துளையை உள்ளங்கையால் அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு எண்ணுவார்கள். ரீடு கரைகளோடு ஒட்டி நிற்கும். காற்று நுழைந்ததும் டப்பென்று விடும். பத்துவரை நின்றால் நல்ல சாமான். நான்கில் விட்டால் கரை கோணல் என்று அர்த்தம்.

“இத்தனையும் பண்ணிட்டு, கடைசியில முத்திரையைப் பாத்துதான்க்கா வாங்குறாங்க” என்பாள்.

முத்திரை என்பது முதலாளியின் முத்திரை. செய்வது யாராக இருந்தாலும் அவர் பெயர்தான் பதியும். கடைகளில் அதுதான் வழக்கம், அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

வல்லவர்கள் சோதிப்பது வேறு மாதிரி. உரக்க ஊதிப் பார்க்க மாட்டார்கள். இருப்பதிலேயே மெல்லிய சத்தத்தை, இல்லாத இடத்திலிருந்து கொண்டுவருவார்கள். மூச்சு எந்த நொடியில் ஒலியாகிறது என்று கவனிப்பார்கள். அங்கே தயங்கினால் அந்த மவுத்பீஸ் வேண்டாம். ஆனால் வல்லவர்களும் ஒரு தப்புச் செய்வார்கள். பழைய மவுத்பீஸில் வைத்து ஊதிய ரீடையே புதியதிலும் கட்டிப் பார்ப்பார்கள். ரீடு பழைய கரைகளுக்குப் பழகி வளைந்திருக்கும், புதியதில் கூச்சலிடும். உடனே, “இது சரியில்ல” என்று வைத்துவிடுவார்கள். அதனால் என் தங்கை மேசையில் ஒரு தம்ளர் தண்ணீரில் நான்கு புது ரீடுகளை எப்போதும் ஊறப்போட்டு வைத்திருப்பாள். அதில் ஒன்றை நீட்டுவாள். வாங்க மறுத்தால் மவுத்பீஸைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். “இந்தப் பொண்ணுக்குத் திமிரு” என்று முதலாளியிடம் புகார் போகும்.

அவளால் ஊத முடியாததால் கடைசல்காரர் அவளுக்காக ஊதுவார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சுரவரிசை. ஏறுவார், இறங்குவார். அவள் கண்ணை மூடிக் கேட்பாள். “மேல ஏறும்போது மூணாவது இடத்துல மூச்சு தட்டுது” என்று சொல்லிவிட்டு, வாங்கி இரண்டு இழுப்பு தேய்ப்பாள். பதினாறு வருடமும் அந்த ஒரே சுரவரிசை. “தங்கச்சி, உன்னால நான் பாட்டே கத்துக்காம போயிட்டேன்” என்பார் அவர். “நீங்க கத்துக்கிட்டா என் வேலை கெட்டுடும், அண்ணே” என்பாள்.

நகர வாத்தியக் குழுவின் முதல் கிளாரினெட்காரர் பிப்ரவரி இருபத்து நான்காம் தேதி கடைக்கு வந்தார். ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வருடமாகத் தடித்த மீசை வளர்த்திருந்ததால் கடையில் அவரை மீசைக்காரர் என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக ஊதும் மவுத்பீஸைக் கொடுத்து, “சத்தம் அப்பப்ப நழுவுது, பாத்துக் குடும்மா” என்றார்.

அவள் அளந்தாள். இடது கரையில் தகடு இரண்டு கோடு கூடுதலாக உள்ளே போனது. இடது என்று நான் எழுதுவது ஊதுகிறவரின் இடது. மேற்புறத்தில் பல் பதிந்த குழி இரண்டு இருந்தது. நடுவில் ஆழமாகப் பழையது ஒன்று, அதற்கு இடப்புறம் தள்ளிப் புதியது ஒன்று. குழிகளை அவள் பார்த்தாள், ஆனால் அதை யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத் தேய்மானம் என்று நினைத்து, இரண்டு கரையையும் சமமாக்கினாள். உறிஞ்சல் சோதனையில் பதினொன்றுவரை நின்றது. மூன்றாம் நாள் கொடுத்துவிட்டாள்.

மார்ச் மூன்றாம் தேதி அவர் கடைக்குள் வந்த வேகத்தில் கதவின் மணி கழன்று விழுந்தது.

“கொன்னுட்டா! இருபத்திரண்டு வருசமா என்கூட இருந்ததைக் கொன்னுட்டா!”

முதலாளி எழுந்து வந்தார். “என்ன சார் ஆச்சு, உக்காருங்க.”

“உக்கார நேரம் இல்ல. பதினாலாம் தேதி பரீட்சை. புதுசா வந்திருக்கிற இயக்குநர் எல்லாரையும் திரைக்குப் பின்னால உக்கார வச்சு ஊதச் சொல்றார். தேறலைன்னா நாற்காலி போச்சு. இதை வச்சுக்கிட்டு என்னத்த ஊதுறது?”

கட்டி ஊதிக் காட்டினார். புது ரீடுதான், அந்தத் தப்பு இல்லை. ஆனாலும் நடுவில் கீச்சென்றது. மெல்லிய ஒலியில் காற்று மட்டும் வந்தது.

முதலாளி என் தங்கையின் பக்கம் திரும்பினார். “பதினாலுக்குள்ள இவருக்குச் சரியா ஒண்ணு பண்ணிக் குடு. இல்லைன்னா அந்த மேசையில வேற ஆள உக்கார வச்சுக்கிறேன். பெரிய மனுசங்க சாமான்ல கை வச்சா விளையாட்டு இல்ல.”

அவள் மீசைக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கடைவாயில் மீசை மயிர் நனைந்திருந்தது. ஊதும்போது அங்கே ஒரு சின்னக் குமிழி வந்து உடைந்தது.

அவர் மவுத்பீஸைக் கழுவப் பின்கட்டுக் குழாய்க்குப் போனார். அவள் பின்னாலேயே போனாள்.

“காத்து போகுது” என்றாள்.

“எங்க போகுது? அதான் சொல்றேன்ல, உன் வேலையில போகுது.”

அவள் தன் வலது கடைவாயைத் தொட்டுக் காட்டினாள். “இங்க. ரெண்டு வருசமா இருக்கும். மீசை வச்சதுல இருந்து.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை மூடிவிட்டுக் கதவைப் பார்த்தார்.

“யார்கிட்ட சொன்ன?”

“யார்கிட்டயும் இல்ல.”

“என் வீட்டுக்காரிக்கே தெரியாதும்மா. தண்ணி குடிச்சா வழியுது. தும்முற மாதிரி துண்டை வச்சுத் துடைச்சுக்கிறேன். ஒரு நாள் காலையில எழுந்தா முகம் பாதி என்னோடது இல்ல. மருத்துவர்கிட்ட போனா ஊதக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துடுவாங்க, குழுவுக்குத் தெரிஞ்சுடும்னு போகவே இல்ல.” பிறகு கேட்டார்: “நீ எப்படிக் கண்டுபிடிச்ச?”

“எனக்குக் காத்து போற இடம் தெரியும்” என்றாள். “நான்தான் தப்புப் பண்ணிட்டேன். மவுத்பீஸைப் பாத்தேன், வாயைப் பாக்கல.”

வலது உதட்டில் பலம் இல்லாததால் அவர் இரண்டு வருடமாக இடது பக்கமே அழுத்திக் கடித்திருக்கிறார். ரீடு இடது கரையையே தேய்த்துத் தாழ்த்தியிருக்கிறது. கோணல் வாய்க்குத் தகுந்தாற்போலக் கரையும் கோணலானதால்தான் அதுவரை ஓடியது. என் தங்கை அதை நேராக்கிவிட்டாள். நேரான கரையில் இடது பக்கம் முன்கூட்டியே மூடிக்கொண்டது, வலது பக்கம் திறந்தே நின்றது.

“யார்கிட்டயும் சொல்லாதே” என்றார் அவர். “சொல்ல மாட்டேன்” என்றாள். இதைக் கடைசல்காரர் கேட்கவில்லை. இந்த ஓர் இடம் மட்டும் தங்கை சொன்னது, அதுவும் மீசைக்காரர் இறந்த பிறகு.

பழையதில் இனித் தேய்க்கத் தடிமன் இல்லை. கடைசல்காரரிடம் புது ரப்பர்க் கட்டை ஒன்று கடைந்து வாங்கினாள். எட்டு நாள் அதையே செய்தாள். வீட்டில் சாப்பிடும்போது உதட்டின் ஒரு பக்கத்தை விரலால் தளர்த்திப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்துப் பார்ப்பாள். மேசையெல்லாம் ஈரம். “என்னடி கண்றாவி இது?” என்றேன். “வாய் எங்க மூடுதுன்னு பாக்குறேன்க்கா” என்றாள். இடது கரையை மூன்று கோடு தாழ்த்தினாள். பல் படும் மேற்புறத்தை வலது பக்கம் சற்றுத் தட்டையாக்கினாள், தளர்ந்த உதடு படிந்து உட்காரட்டும் என்று. பதினாறு வருடமாக எதைக் குற்றம் என்று தேய்த்துப் போக்கினாளோ, அதையே இப்போது அளந்து அளந்து செய்தாள். கடைசல்காரர் தன் சுரவரிசையை ஊதிப் பார்த்தார். கழுதை கத்துவதுபோல வந்தது. “தங்கச்சி, இது வேணாம்” என்றார். “உங்க வாய்க்கு இல்ல, அண்ணே” என்றாள்.

பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை மத்தியானம் மீசைக்காரர் வந்தார். தம்ளரிலிருந்து ரீடை எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். அவர் சுவர் பக்கம் திரும்பி நின்று ஊதினார். முதலில் ஒன்றும் கேட்கவில்லையாம். பிறகு, எப்போது தொடங்கியது என்றே தெரியாமல், ஒலி அறைக்குள் இருந்ததாம். கடைசல்காரர் எந்திரத்தை நிறுத்திவிட்டார். மீசைக்காரர் ஊதி முடிக்கும்வரை அதைத் தொடவில்லை.

முதலாளி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். “அதான் சார், நம்ம கடை!” முத்திரை குத்துவதற்காக வாங்கினார். குத்துவதற்கு முன் அளந்து பார்ப்பது அவர் பழக்கம். கண்ணாடியில் கவிழ்த்தார். தகட்டை நுழைத்தார். வலதில் நின்ற கோட்டைவிட இடதில் மூன்று கோடு கூடுதல். உள்ளங்கையால் அடைத்து உறிஞ்சினார். நான்கு எண்ணுவதற்குள் விட்டது.

“என்ன இது?”

அவள் மேசையில் கிடந்த உப்புத்தாளை மடித்து வைத்தாள்.

“உன்னைத்தான் கேக்குறேன். பதினாறு வருசம் உக்காந்து இதைத்தான் கத்துக்கிட்டியா? இடது எங்க, வலது எங்க?”

“அவருக்கு நல்லா ஊதுதுல்ல, முதலாளி” என்றார் கடைசல்காரர்.

“நீ சும்மா இருய்யா. இன்னிக்கு ஊதும். நாளைக்கு எவனாவது அளந்து பாத்து, இந்தக் கடையில கண்ணு தெரியாதவங்க வேலை பாக்குறாங்கன்னு ஊரெல்லாம் சொன்னா? என் முத்திரை இதுல விழாது. ஏன் இப்படிப் பண்ணே, காரணம் சொல்லு. சொன்னா யோசிக்கிறேன்.”

காரணம் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். மற்றவர் கிளாரினெட் பெட்டியின் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாய் திறந்திருந்தால் மேசை மிஞ்சியிருக்கும், நாற்காலி போயிருக்கும். அவர் பேசவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

“நேர் பண்ணு. இல்லைன்னா எழுந்திரு” என்றார் முதலாளி.

நேராக்கினால் அவருக்கு ஊதாது. அவள் மவுத்பீஸை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், முதுகைக் காட்டி நின்றபடி சில நிமிடம் ஏதோ செய்தாள். அங்கேயும் இரண்டு இழுப்பு தேய்க்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு துணியில் சுற்றி மீசைக்காரர் கையில் கொடுத்தாள். கண்ணாடிப் பலகை அவள் சொந்தமாக வாங்கியது. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து, “உடம்புக்கு என்னடி?” என்றேன். “மேசை போச்சுக்கா” என்றாள். 

மீசைக்காரர் பதினான்காம் தேதி தேறினார். ஏழு மாதம் ஊதினார். அக்டோபரில் பக்கவாதம் இரண்டாவது முறை தாக்கியபோது பேச்சும் ஒரு கையும் போனது. நவம்பர் முடிவதற்குள் இறந்தார். அந்த ஏழு மாதத்தில் ஒரு தடவையும் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் தங்கை ஒரு கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்கு மெருகு போடப் போய்விட்டாள். அங்கே ஜன்னல் கிடையாது. இருமல் மட்டும் பழைய கடையிலிருந்து கூடவே வந்துவிட்டது. மேசைக்கு முதலாளி வேறு ஆள் வைத்தார். “முன்ன மாதிரி வரலையே” என்று வாங்குகிறவர்கள் முணுமுணுப்பதாகக் கடைசல்காரர் வந்து சொல்வார். சொல்லிவிட்டு அவளைப் பார்ப்பார். அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விடுவாள்.

டிசம்பரில் மீசைக்காரரின் மனைவி வந்தார். துணியில் சுற்றியதை மேசையில் வைத்தார்.

“பேச்சு போனதுக்கு அப்புறம் இடது கையால எழுதிக் காட்டினார், இதை உங்ககிட்ட குடுக்கச் சொல்லி. வேற எதுவும் எழுதல. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் என் தங்கை. அப்புறம்தான் அந்த அம்மாளுக்கும் எனக்கும் பின்கட்டுக் குழாயடியில் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் வெகுநேரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “தும்மல்னு நினைச்சேன்” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு கடைசல்காரர் ஓர் இளம் கிளாரினெட்காரரை அழைத்துவந்தார், அந்த மவுத்பீஸ் யாருக்காவது உதவட்டும் என்று. அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உறிஞ்சி எண்ணினார், ஊதினார். கீச்சென்றது. “யாரு பண்ணது இந்தக் கோணலை? தூக்கிப் போட்டுடுங்கக்கா” என்றார். என் தங்கை சிரித்தாள். “சரி தம்பி, போட்டுடுறேன்” என்றாள்.

போடவில்லை. அவள் வேலைக்குப் போன ஒரு நாள், துணியில் இழை எண்ணும் என் பூதக்கண்ணாடியை வைத்து அதை முழுக்கப் பார்த்தேன். முத்திரை விழவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கருவிக்குள் செருகும் அடிவளையத்தில், மாட்டிவிட்டால் யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஊசியால் கீறிய எழுத்துகள் இருந்தன.

ஒன்று சொல்ல வேண்டும். என் தங்கைக்கு எழுதத் தெரியும். ஆனால் அவள் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. மருத்துவமனைத் தாள்களில் அம்மா போட்டாள். வீட்டுப் பத்திரத்தில் நான் போட்டேன். அவள் செய்த நூற்றுக்கணக்கான மவுத்பீஸ்களில் முதலாளியின் முத்திரை இருக்கிறது.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். “எல்லாம் சொன்னே, இதை ஏன்டி சொல்லல?”

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “முத்திரை இல்லாம எப்படிக்கா வெளிய அனுப்புறது? யாராவது கேட்டா, பண்ணது யாருன்னு இருக்க வேணாமா?”

அவள் பெயர் முழுதாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் மற்றதன் உயரத்துக்குச் சரியாக, அளந்து போட்டதுபோல. பெயருக்குக் கீழே தேதியும் போட்டிருந்தாள்: 11 மார்ச் 1986.